லாலாங் காயும் மாதங்கள்: பினாங்கில் காட்டுத் தீக்கும் புகைக்கும் வீட்டைத் தயார் செய்ய ஒரு முழு வழிகாட்டி

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்குப் பினாங்கின் அந்த வெயில் தெரியும். தார் ரோட்டில் வெறுங்காலை வைத்து எடுப்பதே ஒரு நேர்த்திக்கடன்தான். அதே வெயில் பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், புக்கிட் மெர்தாஜம் பக்கத்து மலைச்சரிவுகளில் புதரையும் சருகையும் காய வைத்துக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வரும்போது வெறுங்கையோடு வருகிறது. அதனால் ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே வறட்சி மாதங்கள். சில வருடம் மார்ச்சிலும் பாதி போய்விடும். எல் நினோ வருடமென்றால் இன்னும் மோசம். 1997–98, 2015–16, 2023–24 மூன்றையும் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

காட்டுத் தீ என்றதும் நமக்கு ஆஸ்திரேலியாவும் கலிபோர்னியாவும்தான் நினைவுக்கு வரும். மரத்துக்கு மரம் தாவி, தெருத் தெருவாக வீடுகளை விழுங்கும் தீ. பினாங்கில் அப்படி நடப்பது அபூர்வம். நம் பச்சைக் காடு ஈரமானது, எளிதில் பற்றாது. இங்கே எரிவது காட்டின் ஓரம்: கைவிட்ட நிலத்தில் மண்டும் லாலாங் புல், இலையுதிர்ந்த ரப்பர் தோட்டம், எண்ணெய்ப் பனையின் காய்ந்த மட்டைக் குவியல், யாரோ கொட்டிப் போன குப்பை. அங்கிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று காற்றில் பறந்து வரும் நெருப்புப் பொறி, இன்னொன்று புகை. இரண்டுக்கும் தயாராக இருக்கப் பெரிய செலவு இல்லை. ஆனால் புகை தெரிந்த பிறகு தொடங்கினால் ஒன்றும் நடக்காது.

முதலில், எரிவது எது என்று பாருங்கள்

உங்கள் வீட்டிலிருந்து 100 மீட்டர் சுற்றுவட்டத்தில் ஒரு மாலை நடந்து வாருங்கள். சும்மா நடக்காமல், எது காய்ந்திருக்கிறது, அது எந்த வழியாக உங்கள் சுவர் வரை தொடர்ந்து வருகிறது என்று பாருங்கள்.

லாலாங்தான் முதல் ஆள். ஒரு வாரம் மழை இல்லையென்றால் அடியில் கிடக்கும் பழைய புல் தாள்கள் மொறுமொறுவென்று ஆகிவிடும். மேலே பச்சையாகத் தெரிவதை நம்பி ஏமாறக்கூடாது. பற்றினால் தீ ஆள் உயரத்தைத் தாண்டும், காற்றடித்தால் ஓடித் தப்ப முடியாத வேகத்தில் போகும். ஆனால் சில நிமிடத்தில் எரிந்தும் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்குள் அது எதைத் தொட்டது என்பதுதான் கேள்வி.

ரப்பர் தோட்டம் இன்னொரு மாதிரி. ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் இதே பிப்ரவரி, மார்ச்சில்தான். தரையெல்லாம் சருகு மெத்தை, மேலே நிழலும் இல்லாமல் வெயில் நேராக விழும். தீ மெதுவாக, முழங்கால் உயரத்தில் ஊர்ந்து வரும். ஆபத்தில்லாத மாதிரி இருக்கும், விறகுக் குவியலையோ பழைய டயரையோ அடையும் வரை.

காம்புட் மண், அதாவது பல ஆயிரம் வருடம் மக்காமல் சேர்ந்த தாவரக் கழிவு மண், பினாங்கைவிட சிலாங்கூர்க்காரர்களுக்குத்தான் தலைவலி. கிள்ளானுக்குப் பக்கத்தில் ஜொஹான் செத்தியா, வட சிலாங்கூரில் ராஜா மூசா காட்டுப் பகுதி ஆகிய பெயர்கள் செய்தியில் அடிக்கடி வருவது இதனால்தான். அங்கே தீ மண்ணுக்கடியில் போகும். சாம்பிராணித் தணல் மாதிரி கொழுந்து தெரியாது, புகை மட்டும் வந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் தெளித்தால் அணையாது. கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் வாரக்கணக்கில் புகையை மூச்சு வாங்குவது இப்படி ஒரு தீயாலும் நடக்கலாம்.

குப்பைமேட்டை விட்டுவிடக் கூடாது. நிபோங் தெபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் எரிந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதுவும் ஜனவரி என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது, நாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வெயில் அதிகம் என்பது மட்டும் தீ வானிலை ஆகாது. 33 டிகிரியில் ஈரக்காற்றோடு புழுங்கும் நாள் உடம்புக்குத்தான் கஷ்டம், புதருக்கு ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது மூன்று: மழை நின்று எத்தனை நாள் ஆயிற்று, மதியம் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது.

இதைக் கணக்குப் போட்டுத் தர மலேசிய வானிலைத் துறையிடம் ஒரு முறை இருக்கிறது. கனடாவில் உருவான தீ அபாயக் கணிப்பைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்ப மாற்றி, வரைபடமாக இணையத்தில் வெளியிடுகிறார்கள். நண்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், கடந்த 24 மணி நேர மழை, இந்த நான்கும்தான் அதன் சரக்கு. நீலம் என்றால் குறைவு, பச்சை மிதம், மஞ்சள் அதிகம், சிவப்பு உச்சம்.

அந்த முறையில் எனக்குப் பிடித்தது, அது தரையை மூன்று அடுக்காகப் பார்ப்பது. மேலே கிடக்கும் சருகும் புல்லும் ஒரே நாள் வெயிலில் காய்ந்துவிடும். அதற்குக் கீழே பாதி மக்கிய அடுக்கு காய இரண்டு வாரம் போலப் பிடிக்கும். ஆழமான அடுக்குக்கு ஏறக்குறைய 50 நாள். மழைக் கணக்கும் இதே போலத்தான். 0.5 மில்லிமீட்டர் வரை தூறினால் மேலடுக்கே நனைந்ததாகக் கணக்கில் வராது. நடு அடுக்குக்கு 1.5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும், ஆழத்துக்கு 2.8. "நேற்றுத்தானே தூறியது" என்ற ஆறுதல் ஏன் பலிப்பதில்லை என்று இப்போது புரியும். அடி வரை காய்ந்த மண்ணில் பிடித்த தீ ஒரு மழையில் அணைந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனால், மூன்றாம் நாள் மறுபடியும் புகையும்.

மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும். 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, 40-க்கு மேல் மூன்றாம் நிலை. நாட்டின் உச்ச வெப்பம் நம் பக்கத்தில்தான் பதிவாயிற்று: பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 டிகிரி.

வீட்டில் என் வழக்கம் எளிது. காலண்டரில் நல்ல மழை பெய்த நாளை வட்டமிட்டு வைப்பேன். வட்டத்துக்குப் பிறகு 7 நாள் தாண்டி, மதியம் கைப்பேசியில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், அன்றிலிருந்து வீட்டுக்கு வெளியே நெருப்பு கிடையாது. பார்பெக்யூ, குப்பை, எதுவும்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பகலில் சூடான காற்று சரிவில் மேலே ஏறும், கடல்காற்றும் சேர்ந்துகொண்டால் தீ மேல்நோக்கி விரட்டப்படும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. மேட்டில் வீடு கட்டியவருக்கு அதனால் ஆபத்து அதிகம், கீழே இருப்பவருக்குக் குறைவு. இரவில் அது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும்போது புகையையும் இழுத்துக்கொண்டு வரும். மாலை வரை தெளிவாக இருந்த தாமான் (குடியிருப்பு) விடியற்காலை நான்கு மணிக்குப் புகை மூட்டமாக இருப்பது இப்படித்தான்.

வீட்டைச் சுற்றி: சுவரிலிருந்து வெளியே போங்கள்

எல்லோரும் வேலியிலிருந்து தொடங்குகிறார்கள். சுவரிலிருந்து தொடங்குவதுதான் சரி, ஏனென்றால் பொறி வந்து விழும் இடம் சுவரோரம்.

சுவரைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. சொல்ல எளிது. நம் வீடுகளில் அந்த ஒன்றரை மீட்டரில்தான் உலகமே இருக்கிறது: செருப்பு அலமாரி, தென்னை நார் மிதியடி, வெயில் மறைக்கும் மூங்கில் திரை, பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்த தமிழ் நாளிதழ்கள், பிளாஸ்டிக் நாற்காலி, பின்பக்கம் காலி கேஸ் தோங்கும் (சிலிண்டரும்) நிரம்பிய தோங்கும் ஜோடியாக. அப்புறம் பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம். தைப்பூசம் வரும்போது அது நிலைப்படியிலேயே சருகாகிவிட்டிருக்கும். அதை யாரும் ஓர் எரிபொருளாக நினைப்பதில்லை. தோரணத்தைப் பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் கழற்றிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கேஸ் தோங்குகளைப் புதர் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, நிமிர்த்தி வையுங்கள்.

பிறகு ஏணி எடுத்துக் கூரை விளிம்பைப் பாருங்கள். மழைநீர் ஓடும் தகர வாய்க்காலில் சருகு சேர்ந்திருக்கும். ரம்புத்தான், மா, வேம்பு எது பக்கத்தில் இருந்தாலும் அதன் காய்ந்த இலை அங்கே நிச்சயம். ஒரு பொறி விழுந்தால் கூரை ஓட்டுக்கு அடியில், மரச்சட்டத்துக்குப் பக்கத்தில், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் தீ பிடிக்கும். கையுறை போட்டு அள்ளுங்கள், கடைசியில் குழாய்த் தண்ணீர் விடுங்கள். வறட்சி மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். அப்படியே மேலே இருக்கும்போது உடைந்த ஓடு, சீலிங் பக்கத்து இடைவெளி, பறவை கூடு கட்டிய சந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை அடித்தால் பொறி உள்ளே போகாது. கொசு வலை நைலான் என்றால் உருகும், உலோக வலையே வாங்குங்கள். வயதானவர்கள் ஏணி ஏற வேண்டாம். தாமானில் ஒரு தம்பியைப் பிடித்து வேலை கொடுங்கள்.

ஒன்றரை மீட்டருக்கு அப்பால், சுமார் 10 மீட்டர் வரை, செடி இருக்கலாம். ஆனால் ஒன்றோடொன்று தொடர்ந்து வீட்டுக்கு வழி போட்டுக் கொடுக்கக் கூடாது. கறிவேப்பிலை, பாண்டான், மஞ்சள் எல்லாம் சரி. வாழை நல்லதுதான், ஆனால் கீழே தொங்கும் காய்ந்த இலையை வெட்டிவிட வேண்டும். சேரை (எலுமிச்சைப்புல்) புதர் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. அடியில் காய்ந்த தாள் சேர்ந்த பழைய சேரை நன்றாகவே எரியும். கொத்தைப் பிரித்து நட்டு, காய்ந்ததைக் களைந்துகொண்டே இருங்கள். மரக்கிளைகளில் தரையிலிருந்து 2 மீட்டர் வரை இருப்பதை வெட்டிவிட்டால் தரைத்தீ மரத்தில் ஏறாது.

அதற்கும் அப்பால், 30 மீட்டர் வரை, தாமான் வீட்டுக்காரர்களிடம் சொந்த நிலமே இருக்காது. பின் சந்து, லோங்காங் (சாக்கடை), அதற்கு மேல் யாரோ ஒருவரின் காலி மனை. அது உங்கள் வேலை இல்லை என்று விட முடியாது, தனியாகப் போய் வெட்டவும் கூடாது. தீவில் இருப்பவர்கள் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும், செபராங் பிறையில் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் படத்தோடு புகார் எழுதுங்கள். எந்த ரோடு, எந்த மனை, லாலாங் எவ்வளவு உயரம், எந்த வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதினால் கடிதம் நகரும். "தயவு செய்து நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் நகராது. நவம்பரில் எழுதுங்கள். பிப்ரவரியில் எழுதினால் வரிசையில் நிற்பீர்கள்.

சந்துப் பகுதியை ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு) போட்டு முடிக்கலாம். காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். இரும்புத் தகடு போட்ட புல் வெட்டும் மிஷின் கல்லில் பட்டால் பொறி பறக்கும், புல்லைத் துப்புரவு செய்யப் போய்ப் புல்லையே கொளுத்துவது அப்படித்தான் நடக்கிறது. நைலான் கயிறு போட்ட மிஷின் பாதுகாப்பு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் நீட்டி வையுங்கள். வெட்டியதை அங்கேயே குவித்து எரிக்காதீர்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29A பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது, 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். வழிபாட்டுக்கு அதில் விலக்கு உண்டு, சருகுக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது. தோட்டத்து ஓரம், மரத்தடி முனீஸ்வரர் கோயிலில் விளக்கேற்றுபவர்கள் மேடையைச் சுற்றி இரண்டு மீட்டர் கூட்டிவிட்டு, விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் போதும். சூடத்தை அணையும் வரை பார்த்துவிட்டு வாருங்கள்.

பூட்டுகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். திருடனுக்குப் பயந்து நாம் ஜன்னலுக்குக் கிரில், கதவுக்குக் கிரில், கிரில்லுக்கு மாங்காப் பூட்டு என்று போட்டிருக்கிறோம். சாவி எங்கே? ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், அப்பாவின் சாவிக்கொத்தில், சில வீட்டில் காரில். புகை நிரம்பிய இருட்டில் ஒரு பாட்டி எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒரு ஜன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் சாவி அந்த ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், ஆணியில் தொங்க வேண்டும். சாவியில் சிவப்பு நூல் கட்டுங்கள். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் தடவியே திறந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும். துருப்பிடித்துத் திறக்காத பூட்டும் அன்றுதான் தெரியவரும்.

ஆட்டோ கேட் இன்னொரு கண்ணி. கரண்ட் போனால் அது இரும்புச் சுவர்தான். மோட்டார் பெட்டியில் கையால் திறக்க ஒரு சாவி உண்டு, அதைப் பொருத்திய ஆள் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். தேடி எடுத்து, வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

புகைக்கு ஓர் அறை

தீ உங்கள் தெருவுக்கு வராமலேயே போகலாம். புகை வரும். பினாங்கில் ஆண்டுத் தொடக்கத்தில் உள்ளூர்ப் புதர்த் தீயின் புகை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சுமத்ரா பக்கத்துப் புகை. அதனால் இந்த அறை வருடத்துக்கு இரண்டு தடவை உதவும், மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்பேன்.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை எல்லோரும் கைப்பேசியில் பார்க்கிறோம். 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியத்துக்குக் கேடு, 300 வரை மிகக் கேடு, அதற்கு மேல் அபாயம். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் அது 746 போனது, அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நுண்துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரியில் வருவது. பக்கத்து மலையில் மதியம் தீப்பிடித்தால் அந்த எண் உடனே ஏறாது. மூக்கில் புகை நெடி வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் குறைவான, ஏர்கோன் இருக்கும், முடிந்தால் கழிவறை ஒட்டிய படுக்கையறை. பழைய வீடுகளில் இரண்டு எதிரிகள். ஒன்று நாக்கோ ஜன்னல். கண்ணாடித் தகடுகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு இருக்கும். அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் விரிப்பை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, ஜன்னலுக்கு மேலே சுவரில் விட்டிருக்கும் காற்றோட்டத் துவாரங்கள். பெரும்பாலானவர்கள் ஜன்னலை மூடிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், புகை அங்கேதான் ஆற அமர உள்ளே வருகிறது. அட்டையை அளவாக வெட்டி இப்போதே தயார் செய்து, பின்னால் எந்தத் துவாரம் என்று எழுதி, ஸ்டோரில் வையுங்கள். தேவைப்படும் நாளில் ஒட்டினால் போதும். கதவடிக்கு ஈரத் துண்டு.

நாம் வீட்டில் வைத்திருக்கும் சுவர் ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும், அதனால் அதைப் போடலாம். ஆனால் அதன் வலை புகைத் துகளைப் பிடிக்காது. அதற்கு ஹெப்பா வடிகட்டி போட்ட காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும், அறை அளவுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். புகை வந்த பிறகு கடைக்குப் போனால் இருக்காது. முகக்கவசம் என்று எதையோ தள்ளிவிடும் கடைகளும் உண்டு, என்95 என்று அச்சடித்ததையே வாங்குங்கள். அறுவை சிகிச்சைக் கவசம் புகைக்குப் பயன்படாது.

அந்த அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி கூடாது. சாமி அறை வேறு இடத்தில் இருந்தாலும் புகை நாட்களில் விளக்கு மட்டும் ஏற்றினால் நல்லது. சம்பால் வதக்குவதையும் கருவாடு பொரிப்பதையும் தள்ளிப்போடுங்கள். அறைக்குள் அடுப்போ கரிச்சட்டியோ கொண்டுபோகவே கூடாது, அது உயிரை எடுக்கும். புகை விலகும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள். ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, குழந்தை, இதய நோயாளி இருக்கும் வீடு மற்றவர்களுக்கு முன்பே அறைக்குள் போய்விட வேண்டும். பம்ப் மருந்து எத்தனை அமுக்கு பாக்கி இருக்கிறது என்று டிசம்பரிலேயே பார்த்துவிடுங்கள்.

பையும் தண்ணீரும்

ஒரு பை போதும். மைகார்டு (அடையாள அட்டை) நகல், பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட் (பட்டா) நகல், காப்புறுதிப் பத்திரம், ஒரு வார மருந்து, பவர் பேங்க், டார்ச், முகக்கவசம், ஆளுக்கு ஒரு பருத்தி உடை, கொஞ்சம் ரொக்கம், தண்ணீர். பத்திரங்களைப் படமெடுத்து வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தங்கைக்கு வாட்சாப்பில் அனுப்பி வையுங்கள். நகையைப் பையில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வங்கி லாக்கர்.

வறட்சியில் பினாங்கில் குழாய் அழுத்தம் குறையும், தண்ணீர்த் தடையும் வரும். கூரைத் தொட்டியை நம்பி மட்டும் இருக்காமல் வெளியே இரண்டு பெரிய வாளியோ டிரம்மோ மூடி போட்டு நிரப்பி வையுங்கள். மூடி முக்கியம், டெங்கிக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுக்கக் கூடாது. வீட்டைச் சுற்றி எட்டும் நீளத்துக்கு ரப்பர்க் குழாய் ஒன்று. கூடவே ஈரச் சாக்கு.

புகை எழும்பிவிட்டால்

முதல் வேலை 999. "மலையில் தீ" என்று சொல்லாதீர்கள், எந்த மலை என்று கேட்பார்கள். தாமான் பெயர், ரோடு பெயர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளி, தீ எந்தப் பக்கம் போகிறது, வீட்டுக்கு எவ்வளவு தூரம், பொம்பா (தீயணைப்பு) லாரி நுழையும் வழி எது. இதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வைத்தால் பதற்றத்தில் வாசித்தால் போதும். மலாயில் எழுதி வையுங்கள். மூலையில் கார்களை இரட்டை வரிசையில் நிறுத்துவது நம் தாமான்களின் பழக்கம். பொம்பா லாரி அந்த மூலையில்தான் மாட்டும். பக்கத்து வீட்டு பாக்சிக்கிடமும் எதிர்வீட்டு அங்கிளிடமும் இதை முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அணைக்கப் போகலாமா? தீ முழங்கால் உயரத்துக்குள், ஒரு மேஜை அளவுக்குள், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓட வழி, கையில் ஓடும் தண்ணீர் எல்லாம் இருந்தால் அணைக்கலாம். இடுப்பு உயரத்தைத் தாண்டினால் கிடையாது. சரிவில் தீக்கு மேலே ஒருபோதும் நிற்கக் கூடாது. பாலியஸ்டர் புடவையோ ஜெர்சியோ வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய ஷூ. காம்புட் மண்ணில் தீ என்றால் காலே வைக்காதீர்கள். மேலே உறுதியாகத் தெரியும் தரை உள்ளே எரிந்து குழியாகியிருக்கும், வேர் கருகிய மரம் சத்தமில்லாமல் சாயும்.

தீ அங்கே ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்க, வீட்டில் இதைச் செய்யுங்கள்: ஜன்னல், கதவு எல்லாம் மூடுங்கள், பூட்ட வேண்டாம். திரைச்சீலையைக் கழற்றி, சோபாவை ஜன்னலிலிருந்து தள்ளி நடு ஹாலுக்கு இழுங்கள். கேஸ் வால்வை மூடுங்கள். மிதியடி, நாற்காலி, துவைத்த துணி எல்லாம் உள்ளே. காரை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள், காய்ந்த புல்மேல் வேண்டாம், சூடான புகைக்குழாயே பற்றவைக்கும். சுவரோரத்தையும் வாசலையும் நனையுங்கள்.

கிளம்புவது எப்போது

பொம்பாவோ போலீஸோ சொன்னால் உடனே. அவர்கள் வரும் முன்பும், பொறி உங்கள் முற்றத்தில் விழத் தொடங்கினால், அல்லது வெளியே போகும் ஒரே ரோடு புகையில் மறையத் தொடங்கினால், கிளம்புங்கள். முதியவர், குழந்தை, படுக்கையில் இருப்பவர் உள்ள வீடு இதற்கும் முன்பே போய்விட வேண்டும். "வந்தா பாத்துக்கலாம்" என்ற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களோடு வாதம் செய்யும் நேரத்தை முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது என்று இரண்டு இடம் முடிவு செய்யுங்கள்: தாமானுக்குள் ஒரு திடல், வெளியே ஓர் உறவினர் வீடு. கேட்டைத் திறந்தே விட்டுப் போங்கள், பொம்பாக்காரர்கள் உடைக்க வேண்டியிருக்காது. புகையில் கார் ஓட்டினால் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள், ஏர்கோனை உள்காற்றுக்கு மாற்றுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஓரத்தில் லாலாங் எரியும்போது அவசரத் தடத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் லாரிக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

வழி அடைபட்டுவிட்டால் வீட்டுக்குள்ளேயே, தீ வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையில், வெளியேறும் கதவுக்கு அருகில் இருங்கள். தொட்டி, வாளி நிரப்புங்கள், கதவடியை ஈரத்துணியால் அடையுங்கள். புல் தீ சீக்கிரம் கடந்துவிடும். கடந்ததும் வெளியே வந்து கூரையையும் சுவரோரத்தையும் பாருங்கள்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். ஐஸ், பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடி மருத்துவமனைக்கு.

அணைந்த பிறகு

முதல் சில மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை சுற்றி வாருங்கள். கூரை வாய்க்கால், விறகு, வேலிக்கட்டையின் அடி ஆகியவற்றில் தணல் ஒளிந்திருக்கும். சாம்பலை விளக்குமாற்றால் வறட்டுக்குக் கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள், கவசம் போட்டுக்கொண்டு. சரிவு மொட்டையாகிவிட்டால் அடுத்த பெருமழையில் சேறு இறங்கும், லோங்காங்கை அதற்குள் தூர் வாரிவிட வேண்டும்.

காப்புறுதி பற்றிக் கடைசியாக ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. இந்நாட்டின் சாதாரணத் தீ காப்புறுதியில் புதர், லாலாங், காடு எரிவதால் வரும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அதைத் தனியாகச் சேர்த்து வாங்கலாம். பத்திரத்தை எடுத்து ஏஜெண்டிடம், "புதர் லாலாங் தீ இதில் சேர்ந்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கடனோடு சேர்ந்து வந்த பத்திரத்துக்கும் இதே கேள்விதான். சேதம் நடந்தால் எதையும் அப்புறப்படுத்தும் முன் படமெடுங்கள், போலீஸ் புகாரும் பொம்பா அறிக்கையும் கேட்டு வாங்குங்கள்.

எரிந்த மனையில் முதலில் முளைப்பது மறுபடியும் லாலாங்தான். அதன் கிழங்கு மண்ணுக்கடியில் தப்பித்துக்கொள்ளும், சில வாரத்தில் பச்சை தெரியும், அடுத்த ஜனவரிக்குள் இடுப்பளவு நிற்கும். மன்றத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.